மதாம் ஃபிலோமின் வழங்கும் மாலைத் தேநீர்

சனிக்கிழமை, காலை 8.41. புதுச்சேரி எல்லையில் நான் முதலில் பார்த்தது ஈபிள் கோபுரத்தை. இருபது அடி உயரம் இருக்கும். தகரத்தில் வெட்டி, வெள்ளி வண்ணம் பூசி, கனகசெட்டிக்குளத்தில் ஒரு மெத்தைக் கடை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அதன் முதல் தட்டில் ஒரு பச்சை நைட்டி காய்ந்துகொண்டிருந்தது.

திருவான்மியூரில் 5.50க்கு ஏறிய பேருந்து. கட்டணம் 190 ரூபாய். ஜன்னல் இருக்கை கிடைத்திருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் மரக்காணத்தில் ஏறியவர். மடியில் பெரிய பழுப்பு உறை, உள்ளே எக்ஸ்ரே. பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்.

"நீங்க எங்க, ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லை, ஊர் சுற்றிப் பார்க்க. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதியில் ஒரு நாள் தங்கப் போகிறேன்."

"ஓ. நான் முப்பது தடவ வந்துகீறேன் பாண்டிக்கு. கடலு இன்னா கலர்ல கீதுன்னு தெரியாது." அவர் உறையைத் திருப்பி வைத்துக்கொண்டார். "டோக்கன் வாங்கவே பொழுது போயிடும்."

நான் தொலைபேசியை எடுத்து, முன்பதிவுப் பக்கத்தை மறுபடி படித்தேன். மூன்று வாரமாக நாளுக்கு ஒருமுறையாவது படித்துவிடுகிறேன். வெள்ளைச் சுவர், நீல ஜன்னல், சுவரேறிய காகிதப்பூ. முற்றத்தில் அகல விளிம்புத் தொப்பி அணிந்த ஒரு பெண், நமக்கு முதுகைக் காட்டியபடி, கையில் பீங்கான் கோப்பையுடன். கழுத்தில் பட்டுத் துண்டு. படத்துக்குக் கீழே: "முஸ்யே அந்துவான் உங்களைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வருவார். மதாம் ஃபிலோமின் தன் கையால் காலை உணவு பரிமாறுவார். மாலை நான்கு மணிக்கு அவருடன் பிரெஞ்சுத் தேநீர்."

முஸ்யே என்றால் ஐயா. மதாம் என்றால் அம்மா. அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் நான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

9.05க்கு பேருந்து ஒரு சிக்னலில் நின்றது. இரண்டு பக்கமும் மாடி வீடுகள், டைல்ஸ் கடை, ஒரு தேவாலயக் கோபுரத்தின் நுனி, தூரத்தில் குடிநீர்த் தொட்டி. எந்த இடம் என்று நடத்துநரிடம் கேட்டேன். "சாரம்" என்றார். குறிப்பேட்டில் எழுதினேன்: "9.05. சாரம். குறிப்பு எதுவும் இல்லை."

9.20. பேருந்து நிலையம். வெளிவாசலில் காக்கிச் சட்டை அணிந்த ஒருவர் என் பெயர் எழுதிய அட்டையைத் தலைக்கு மேலே பிடித்திருந்தார். அட்டையின் மறுபக்கம் ஒரு பிஸ்கட் பெட்டி.

"மதாம் வூட்டுக்கா மேடம்?"

"ஆமாம். முஸ்யே அந்துவான் என்று..."

"நான்தான். அந்தோணி. அதுல அந்துவான்னு போட்டுகீறாங்க. எப்டி கூப்ட்டாலும் திரும்பிப் பாப்பேன்." பையை வாங்கி ஆட்டோவில் வைத்தார்.

வீடு இருந்த தெருவின் பெயரைப் படித்துக்காட்டினேன். 'ரூ' என்று தொடங்கியது.

"இங்க எல்லாமே ரூதான் மேடம். ரூன்னா வீதி. போன வாரம் ஒருத்தர ஏத்தினேன். எந்த ரூ சார்னு கேட்டா, ஏசி ரூம்ங்கறாரு."

இரண்டரை கிலோமீட்டர். கால்வாயைத் தாண்டியதும் தெருக்கள் நேராயின, மரங்கள் வந்தன, சத்தம் குறைந்தது. வீடு படத்தில் இருந்தது போலவே இருந்தது. வெள்ளைச் சுவர் வெள்ளையாக, நீல ஜன்னல் நீலமாக. ஏமாற்றப்படுவதற்குத் தயாராக வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

இரண்டு அறைகள். ஒன்றில் நான். மற்றொன்றில் முந்தைய நாள் இரவே வந்துவிட்ட கோவைத் தம்பதி, நிவேதாவும் ஹரியும். இருவருக்கும் முப்பதுக்குள் வயது, மென்பொருள் வேலை. முற்றத்து மேசையில் காலை உணவுக்காகக் காத்திருந்தார்கள். நிவேதா உதடுகளை மட்டும் அசைத்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"நூத்தி நாப்பத்தி மூணு நாளுங்க," என்று ஹரி என்னிடம் மெதுவாகச் சொன்னான். "ஃபோன்ல பிரெஞ்சு படிக்கிறா. ஒரு நாள் விடலீங்க. மதாம்கிட்ட பேசோணும்னு."

9.50. சமையலறைக் கதவு திறந்தது. நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும் ஒரு பெண், ஒரு கையில் பொங்கல் பாத்திரம், மறு கையில் கரண்டியுடன் வந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. வலது கை முழங்கை வரை பருத்திருந்தது, இடது கை மெலிந்தது. அப்போது அதை நான் கவனித்தேன், காரணம் தெரியவில்லை.

நிவேதா எழுந்து நின்றாள். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. வந்தவரிடமே ஒத்திகை பார்ப்பது என்று முடிவு செய்தவள்போல, "பொன்ழூர் மதாம். கொமான் தலே வூ?" என்றாள்.

கரண்டி நின்றது.

"நல்லா இருக்கேம்மா. பொங்கலா, இட்லியா? பொங்கல்ல மிளகு தூக்கலா விழுந்துடுச்சி, பாத்து."

"அக்கா, மதாம் எப்ப வருவாங்க?"

"நான்தாம்மா."

"இல்லீங்க்கா, மதாம் ஃபிலோமின்."

"ஃபிலோமினா. கடைசி எழுத்த ஓனர் எடுத்துட்டாரு. அப்பதான் பிரெஞ்சாம்."

ஹரி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்து, புரையேறி, எழுந்து போனான். நிவேதா தொலைபேசியை எடுத்துத் தொப்பிக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டினாள். "அப்ப இது யாருங்க்கா?"

ஃபிலோமினா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இதுவும் நான்தான். தொப்பி ஓனர் வாங்கினது. கழுத்து கறுப்பா தெரியுதுன்னு துண்டு சுத்தச் சொன்னாரு."

பிறகு நிவேதா கேட்டாள்: "உங்களுக்கு பிரெஞ்சு சுத்தமா வராதுங்களா?"

"ஏன் வராது? பதிமூணு வரைக்கும் எண்ணுவேன்."

"பதிமூணா?"

"அதுக்கு மேல எனக்குத் தேவப்படலம்மா. கேமு பதிமூணுல முடிஞ்சிடும்."

என்ன கேம் என்று கேட்பதற்குள் சட்டினி கருகும் வாசனை வந்து, அவர் உள்ளே ஓடிவிட்டார். பொங்கலில் மிளகு தூக்கலாகத்தான் இருந்தது. நான் இரண்டாம் முறை வாங்கினேன்.

11.00 முதல் 2.30 வரை நடந்தேன். கடற்கரைச் சாலையில் காற்று நன்றாக இருந்தது. கடல் அன்று பச்சை கலந்த சாம்பல் நிறம். மரக்காணத்துக்காரருக்காகக் குறித்துக்கொண்டேன். ஒரு மஞ்சள் சுவருக்கு முன்னால் படம் எடுக்க வரிசை நின்றது. ஒரு மணி நேரத்தில் ஒன்பது ஜோடிகள். அவர்களில் மூன்று மணப்பெண்களுக்கு ஒரே மாதிரி சிவப்புக் கவுன். வாடகைக்குக் கொடுப்பவர் பக்கத்திலேயே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். சுவருக்குள் குடியிருப்பவர்கள் "இங்கே படம் எடுக்காதீர்கள்" என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகையோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவரையும் பார்த்தேன். கட்டம்போட்ட லுங்கி உடுத்தி, கீரைக்காரம்மாவிடம், "நேத்துக் கட்டு வேணாம்மா, இன்னிக்கு வந்தது குடு" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

3.10. வீடு திரும்பியபோது முற்றத்தில் ஃபிலோமினா நின்றுகொண்டே யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல். வீட்டின் உரிமையாளர், சென்னையில் இருக்கிறார்.

"நாலு மணிக்கு டீ குடுக்கணும் ஃபிலோ. பக்கத்துல இருந்து குடுக்கணும். போன மாசம் ஒருத்தர் மூணு ஸ்டார் போட்டாரு, மறந்துட்டியா? போட்டோ அனுப்பு. ஸ்டீல் டம்ளர் போட்டோல வரக் கூடாது."

"சார், இன்னிக்கு நாலேகாலுக்கு எனக்கு மேட்ச்சு. திங்கக்கெழமையே சொன்னேனே."

"ஆட்டத்தை அஞ்சு மணிக்கு வெச்சுக்க முடியாதா?"

"வெயில் சாஞ்சிடும் சார். லைட்டு இல்ல அங்க."

"பாத்துக்க ஃபிலோ. மதாம் இல்லாம டீ இல்ல. டீ இல்லன்னா அப்புறம் எதுக்கு மதாம்?" அழைப்பு முடிந்தது.

ஃபிலோமினா என்னையும், சத்தம் கேட்டு அறையிலிருந்து வந்த நிவேதாவையும் ஹரியையும் பார்த்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. விஷயம் இதுதான். இரும்புக் குண்டுகளை உருட்டி ஆடும் பெத்தாங்க் என்ற பிரெஞ்சு ஆட்டம். புதுச்சேரியில் பல காலமாகத் தமிழர்கள் ஆடுகிறார்கள். பெங்களூரில் மூன்று நாள் போட்டிக்குச் சாரத்திலிருந்து மூன்று பெண்கள் கொண்ட அணி போகிறது. இரண்டு பேர் முடிவாகிவிட்டது. மூன்றாம் இடத்துக்கு இவருக்கும் காயத்ரி என்ற கல்லூரி மாணவிக்கும் இன்று ஆட்டம். வராதவர் தோற்றவர்.

"ரெண்டு தடவ ரிசர்வுல இருந்துட்டேன்," என்றார். "ரிசர்வுன்னா இன்னா தெரியுமா? துணி மூட்ட கட்டி வெச்சிட்டு வூட்லயே இருக்கணும். ஃபோன் வந்தா போவணும். ரெண்டு தடவையும் ஃபோன் வரல."

"அப்போ போங்கக்கா," என்றான் ஹரி. "எங்களுக்கு டீ வேணாம்."

"டீ வேணாம்னா போட்டோ எப்படிப்பா அனுப்பறது? வேலைய வுட்டுட்டு ஆடற அளவுக்கு எனக்கு வசதி இல்ல."

நான் முன்பதிவுப் பக்கத்தை எடுத்து மறுபடி படித்தேன். செய்தித்தாள் ஆசிரியர் மேசையில் கற்ற ஒரே உருப்படியான பழக்கம், எழுதியிருப்பதை மட்டும் படிப்பது. "மாலை நான்கு மணிக்கு அவருடன் பிரெஞ்சுத் தேநீர்." அவருடன் என்றுதான் இருந்தது. எங்கே என்று இல்லை.

அதைச் சொன்னேன். ஃபிலோமினா என்னை ஒரு நொடி பார்த்தார். அடுத்த நொடி சமையலறையில் பால் கொதிக்கும் சத்தம் கேட்டது.

3.50. ஆட்டோவின் பின்னிருக்கையில் நாங்கள் மூவர். என் மடியில் ஃபிளாஸ்க். ஹரியின் மடியில் நாளிதழில் சுற்றிய நான்கு பீங்கான் கோப்பைகள். நிவேதாவின் மடியில் குருவாசோ என்கிற பிறை வடிவ பிரெஞ்சு ரொட்டிகள் அடங்கிய பெட்டி. ஒன்று 70 ரூபாய், உரிமையாளர் கணக்கு. ஃபிலோமினா கணவருக்குப் பக்கத்தில் ஓட்டுநர் இருக்கையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டார். ஆம், முஸ்யே அந்துவான் அவருடைய கணவர். இதையும் அந்தப் பக்கம் சொல்லவில்லை. அவர் காலடியில் ஒரு துணிப்பை, ஒவ்வொரு பள்ளத்திலும் 'டங்' என்றது.

"உள்ள இன்னா தெரியுமா மேடம்?" அந்தோணி திரும்பாமலேயே கேட்டார். "மூணு குண்டு. ஒண்ணு எழுநூறு கிராம். எனக்கு வரவேண்டிய பாசம் எல்லாம் அதுங்களுக்குத்தான்."

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றார் மதாம்.

4.05. சாரம். காலையில் நான் "குறிப்பு எதுவும் இல்லை" என்று எழுதிய குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு திடல். பதினைந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலத்துக்குச் சரளை பரப்பி, சுற்றிலும் மரச்சட்டம் பதித்திருந்தார்கள். நாற்பது பேருக்கு மேல் கூட்டம். ஷிப்ட் முடித்து வந்த ஆலைச் சட்டைகள், கல்லூரிப் பெண்கள், தோளில் குழந்தையோடு ஒருவர், சுண்டல் வண்டி. தொட்டியின் மோட்டார் அறைச் சுவர் மஞ்சள் வண்ணம். மேலிருந்து யாரோ நட்ட காகிதப்பூ வழிந்துகொண்டிருந்தது.

"நிவேதா, இங்க வாம்மா," என்று ஃபிலோமினா அவசரப்படுத்தினார். ஒரு ஸ்டூலை மஞ்சள் சுவரோரம் போட்டார். மேலே முந்தானையில் துடைத்த கோப்பைகள், தட்டில் குருவாசோ. தேநீர் ஊற்றினார். பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்து, கூட்டத்துக்கு முகம் காட்டி, நிவேதாவுக்கு முதுகு காட்டி நின்றார்.

"ஏய், மதாம் வந்துட்டாங்கடோய்!" கூட்டத்திலிருந்து ஒரு குரல். "பிரெஞ்சுல பேசி காயத்ரிய மயக்கிடு!"

"உனக்கு மொதல்ல தமிழ் வருதான்னு பாரு," என்றார் அசையாமல்.

4.11க்கு நிவேதா படத்தை அனுப்பினாள். 4.13க்கு உரிமையாளரின் பதில் வந்தது: "சூப்பர்! எந்த கார்டன்?"

ஃபிலோமினா ஒற்றை விரலால் தட்டினார்: "பின்னாடி சார்."

"என்னங்க்கா பின்னாடி?" என்றாள் நிவேதா.

"தொட்டிக்குப் பின்னாடிதான?"

தொப்பியை அவர் கழற்றவில்லை. வெயில் மேற்கிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. அந்தத் தொப்பிக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது.

ஆட்டம் எளிது. ஒருவருக்கு மூன்று குண்டு. முதலில் ஒரு சின்ன மரப்பந்தை எட்டு மீட்டர் தூரத்தில் எறிவார்கள். அதற்கு மிக அருகில் யார் குண்டு நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. யாருடைய குண்டு தள்ளி இருக்கிறதோ அவர்தான் அடுத்து வீச வேண்டும். முதலில் பதிமூன்று எடுப்பவர் வென்றவர்.

இதை அந்தோணி எனக்கு விளக்குவதற்கு முன் ஒரு குழப்பம் நடந்தது. ஃபிலோமினா வீசுவதற்காகத் தரையில் வரைந்திருந்த வளையத்துக்குள் நின்றதும், ஆலைச் சட்டைக்காரர் ஒருவர் கத்தினார்: "அக்கா, பன்னிக்குட்டிக்கு முன்னாடி போடு! பின்னாடி போவாத!"

ஹரி திடுக்கிட்டுக் காலைத் தூக்கினான். நானும் குனிந்து பார்த்தேன். பன்றி எதுவும் கண்ணில் படவில்லை.

"எங்கீங்க பன்னிக்குட்டி?"

"தோ, அங்க கீது பாரு," என்று அந்தோணி சின்ன மரப்பந்தைக் காட்டினார். "அதான் பன்னிக்குட்டி."

"ஏன் அப்படிப் பேர்?"

"எங்க அப்பா காலத்துலயே அப்படித்தான். சின்னதா, உருண்டையா ஓடுதுல்ல?"

"ஐயோ!" நிவேதா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "கொஷோன்னா பன்னிங்க! நாலாவது பாடம்! பிரெஞ்சுல இந்தப் பந்துக்குக் கொஷோனே. அப்படியே பன்னிக்குட்டிதாங்க!" நூற்று நாற்பத்து மூன்று நாளில் கற்ற சொற்களில் ஒன்று வேலைக்கு வந்துவிட்டது. அவள் குதித்தே விட்டாள். சுண்டல்காரர் நகர்ந்து இடம் விட்டார்.

காயத்ரிக்கு வயது இருபத்தொன்று. நீளக் கை, நீலத் தொப்பி. எதிராளியின் குண்டைத் தூக்கி அடித்துத் தள்ளுவதில் கெட்டிக்காரி. இரும்பும் இரும்பும் மோதும் சத்தத்துக்கு அவள் தோழிகள் ஒவ்வொரு முறையும் கூவினார்கள். ஃபிலோமினா அடிப்பதே இல்லை. தாழக் குனிந்து, சரளையில் மெதுவாக உருட்டி, பன்னிக்குட்டி பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார். வலது கை ஏன் பருத்தது என்று இப்போது தெரிந்தது.

4.50க்கு 6-4, காயத்ரி முன்னால். 5.15க்கு 9-9. இடைவேளையில் குருவாசோ பெட்டி கூட்டத்தில் ஒரு சுற்றுப் போய் வந்தது. ஆளுக்கு ஒரு கிள்ளு. "உள்ள ஒண்ணும் இல்லியே, வெறும் காத்தா கீது," என்று சுண்டல்காரர் தீர்ப்புச் சொன்னார். 5.30க்கு காயத்ரி 12-10. அடுத்த சுற்றில் ஃபிலோமினா ஒன்று, அதற்கடுத்ததில் இன்னொன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் உதடு அசைந்தது. ஓன்ஸ். தூஸ். பதினொன்று, பன்னிரண்டு.

5.41. 12-12. என் குறிப்பேட்டில் இந்தப் பக்கத்தில் கையெழுத்து கோணிக்கொண்டு போயிருக்கிறது.

ஃபிலோமினா பன்னிக்குட்டியை எறிந்தார். முதல் குண்டை ஒரு சாண் முன்னால் வைத்தார். காயத்ரியின் முதல் குண்டு அதைவிடச் சற்றுத் தள்ளி நின்றது. அவளே மறுபடி வீச வேண்டும். தூக்கி அடித்தாள். 'டங்'. ஃபிலோமினாவின் குண்டு ஒன்றரை மீட்டர் பின்னால் ஓடிப்போய் நின்றது. காயத்ரியின் அந்தக் குண்டு சட்டத்துக்கு வெளியே போயிற்று. இப்போது அவளுடைய முதல் குண்டுதான் அருகில்.

ஃபிலோமினா இரண்டாவதை உருட்டினார். கொஞ்சம் வேகம் கூடிவிட்டது. அதுவும் தாண்டி, பின்னால் போய், முதல் குண்டுக்கு அருகில் நின்றது. கூட்டம் 'ச்சோ' என்றது. கையில் ஒன்றே ஒன்று. காயத்ரி கையிலும் ஒன்று.

"வை ஃபிலோ, மெதுவா வை!" என்றார் அந்தோணி.

அவர் வைக்கவில்லை. எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி ஹரியிடம் நீட்டினார். அன்று ஒருமுறைகூட உயர்த்தாத கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோனார்.

"அடிக்கப் போறாங்க," என்று காயத்ரியின் தோழி ஒருத்தி முணுமுணுத்தாள். "என் குண்டையா?" என்றாள் காயத்ரி.

காயத்ரியின் குண்டை அல்ல. பன்னிக்குட்டியை. எழுநூறு கிராம் இரும்பு எட்டு மீட்டர் பறந்து, எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய அந்த மரப்பந்தின் தலையில் விழுந்தது. பன்னிக்குட்டி எகிறியது, சரளையில் இரண்டு முறை துள்ளியது, பின்னால் உருண்டு, எல்லோரும் வீணாய்ப்போயின என்று நினைத்த அவருடைய அந்த இரண்டு குண்டுகளை நோக்கி ஓடியது.

நான் கத்தினேன் என்று நிவேதா பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

ஆட்டம் முடியவில்லை. காயத்ரியிடம் ஒரு குண்டு இருந்தது. அவள் நீண்ட நேரம் குனிந்து நின்றாள். உருட்டினாள். நல்ல வீச்சு. குண்டு சட்டத்தோரமாக வளைந்து, பன்னிக்குட்டியை நெருங்கி, நெருங்கி, நின்றது. எது அருகில் என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

நடுவர் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். முட்டி போட்டார். நாற்பது பேர் அவர் முதுகின் மேல் குனிந்தோம். "வெளிச்சத்த வுடுங்கய்யா!" என்றார். விலகினோம். மறுபடி குனிந்தோம்.

காயத்ரியின் குண்டு 43 சென்டிமீட்டர். ஃபிலோமினாவின் முதல் குண்டு 38.

"த்ரேஸ்," என்றார் ஃபிலோமினா. பதிமூன்று.

அந்தோணி ஆட்டோவுக்குப் போய் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். காயத்ரி வந்து ஃபிலோமினாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ நாளா இத எங்கக்கா ஒளிச்சி வெச்சிருந்த?"

"நீ பாக்கும்போது அடிக்க மாட்டேன். நீ காலேஜ் போன நேரத்துல அடிச்சிப் பாப்பேன்."

6.20. வீட்டு முற்றம். ஒலிபெருக்கியில் உரிமையாளர் நல்ல மனநிலையில் இருந்தார். படத்தை அதற்குள் பக்கத்தில் போட்டுவிட்டாராம்.

"மூணு நாள் லீவா? அந்த வாரம் ஃபுல்லா புக் ஆகுமே ஃபிலோ. மதாம் இல்லாம எப்படி?"

"மதாம் இருப்பாங்க சார்."

"யாரு?"

"எங்க நாத்தனாரு. ஜெனிட்டா."

ஃபிலோமினா இமைக்காமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிவேதா என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"தொப்பி சரியா இருக்குமா அவங்களுக்கு?"

"இருக்கும் சார்."

"அப்ப சரி. போய்ட்டு வா."

ஞாயிறு, காலை 7.30. சமையலறை மேடையில் ஜெனிட்டா உட்கார்ந்திருந்தார். கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்பவர். காலைப் பூசை முடித்து நேராக வந்திருந்தார். தலையில் தொப்பி. எதிரே நிவேதா ஆசிரியர்போல நின்றாள். ஹரி பொங்கலைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்கக்கா, பொன்ழூர்."

"பொன்னூர்."

"ழூர்க்கா. பொன்-ழூர்."

"பொன்னூரு. அது எந்த ஊரு அண்ணி, செஞ்சி பக்கமா?"

"ஊரு இல்லடி, வணக்கம்!" ஃபிலோமினா சாம்பாரைத் தாளித்துக்கொண்டே சொன்னார். "அத மட்டும் சொல்லு. அப்புறம் பொங்கலா இட்லியான்னு கேட்டுடு. அதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க."

"டீ குடுக்கும்போது?"

"திரும்பி நில்லு."

8.20க்கு அந்தோணி என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். வழியில் ஹாரனை ஒருமுறைகூடத் தொடவில்லை. நேற்று அடித்த அடியில் போய்விட்டது என்றார். சென்னைப் பேருந்து 8.35க்குக் கிளம்பியது. இந்த முறை சாரத்தில் குடிநீர்த் தொட்டி எந்தப் பக்கம் வரும் என்று தெரியும். அந்தப் பக்க இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். திடல் தெரியவில்லை. மோட்டார் அறைச் சுவரின் ஒரு மூலை மட்டும் இரண்டு வீடுகளுக்கு இடையில் மஞ்சளாகத் தெரிந்து மறைந்தது. குறிப்பேட்டில் நேற்று எழுதிய வரியை அடித்துவிட்டேன்.

கனகசெட்டிக்குளத்தில் ஈபிள் கோபுரத்தில் நைட்டி இல்லை. இரண்டு பள்ளிச் சீருடைகள் காய்ந்தன.

தொலைபேசியில் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். முதல் படம் மாறியிருந்தது. மஞ்சள் சுவர், காகிதப்பூ, நான்கு கோப்பைகள், திரும்பி நிற்கும் தொப்பி. கீழே: "பழைய பிரெஞ்சுக் குடியிருப்பில் ஒரு மாலை. மதாம் ஃபிலோமின் உங்களுக்காகக் காத்திருக்கிறார்." பெங்களூர்ப் போட்டி நடக்கும் மூன்று நாட்களைத் தேடிப் பார்த்தேன். இரண்டு அறைகளும் பதிவாகிவிட்டன.